கையும் கையெழுத்தும்

2010-இல் நான் படிவம் ஒன்று. மலேசியப் பள்ளிகளில் 13 வயது மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடத் தொடங்கிய ஆண்டு அது. பள்ளியில் ஒரு பாரம் கொடுத்து, வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். "என்ன ஊசிம்மா இது?" என்று கேட்டேன். "எல்லாம் நல்லதுக்குத்தான், போ" என்று சொல்லி அம்மா சைன் பண்ணிவிட்டார். அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி என்பது பல்கலைக்கழகம் போன பிறகுதான் எனக்குத் தெரியும். மூன்று ஊசியும் என் கையில்தான் இறங்கின. ஆனால் பாரத்தில் என் கையெழுத்துக்கு இடமே இல்லை.

பின்னர் தடுப்பூசியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஒன்று புரிந்தது. ஆரம்பத்திலிருந்தே இது பிள்ளைகளின் கைகளில் நடந்த வரலாறு.

1796 மே 14 அன்று இங்கிலாந்தின் பெர்க்லி ஊரில், பால்காரப் பெண் ஒருத்தியின் கையிலிருந்த பசு அம்மைக் கொப்புளத்திலிருந்து சீழ் எடுத்து ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற சிறுவனின் கையில் கீறி ஏற்றினார் எட்வர்ட் ஜென்னர். ஜேம்ஸுக்கு 8 வயது. தோட்ட வேலை செய்தவரின் மகன். ஜூலை 1 அன்று அதே சிறுவனுக்கு நிஜப் பெரியம்மைச் சீழையே ஏற்றினார். நோய் வரவில்லை. பெரியம்மைச் சீழை ஏற்றுவது அன்று வழக்கத்தில் இருந்ததுதான். சிறுவயதில் ஜென்னரும் அதற்கு ஆளானவர். இருந்தாலும், வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜேம்ஸிடம் யாராவது சொல்லியிருப்பார்களா?

அடுத்த கதை இன்னும் கனமானது. 1803 நவம்பர் 30 அன்று, ஸ்பெயினின் லா கொருன்யா துறைமுகத்திலிருந்து மருத்துவர் பல்மிஸின் கப்பல் அமெரிக்கக் காலனிகளுக்குப் புறப்பட்டது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலம். நீண்ட கடல் பயணத்தில் அம்மைப்பால் கெட்டுவிடும். அதனால் 22 ஆதரவற்ற சிறுவர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். இருவர் கையில் அம்மை குத்துவது, ஏறத்தாழ பத்து நாளில் கொப்புளம் பழுத்ததும் அதிலிருந்து எடுத்து அடுத்த இருவருக்குக் குத்துவது. ஏன் இருவர்? ஒன்று தவறினாலும் சங்கிலி அறுந்துவிடக்கூடாது. பொறியியல் படித்தவளாக அந்த ஏற்பாட்டை வியக்காமல் இருக்க முடியவில்லை. நாங்கள் பம்புக்கு மாற்று பம்பு வைப்பது போல அவர்கள் பிள்ளைக்கு மாற்றுப் பிள்ளை வைத்திருந்தார்கள் என்று உறைத்தபோது வியப்பு நின்றுவிட்டது. 1805-இல் மெக்சிகோவிலிருந்து இன்னும் 26 சிறுவர்களோடு அதே சங்கிலி மணிலாவுக்கு, நம் கடல் பக்கம், வந்து சேர்ந்தது.

இவர்களையெல்லாம் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்வது சுலபம். 1980-இல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டதற்கு அந்தக் கைகளும் காரணம். ஐந்து வயதுப் பிள்ளை "வேணாம்" என்று அழுவதை முடிவாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஆனால் ஐந்து வயதுக்குச் சொல்லும் பதிலையே பதின்மூன்று வயதுக்கும் சொல்கிறோமே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

1985-இல் பிரிட்டனில் கில்லிக் வழக்கின் தீர்ப்பு வந்தது. அது கருத்தடை ஆலோசனை பற்றிய வழக்கு. 16 வயதுக்குக் கீழே இருந்தாலும், சிகிச்சையை முழுமையாகப் புரிந்துகொள்ளும் அறிவு இருந்தால் அந்தப் பிள்ளையே சம்மதம் தரலாம் என்றது பிரபுக்கள் சபை. அங்கே பள்ளித் தடுப்பூசிகளுக்கும் இன்று அதுதான் அளவுகோல். வயதை மட்டும் பார்க்காமல் புரிதலையும் பார்க்கிறார்கள். புரிதல் வர வேண்டுமென்றால் முதலில் யாராவது உட்கார்ந்து விளக்க வேண்டுமல்லவா?

இந்த ஆண்டு அக்கா மகள் படிவம் ஒன்று. பாரத்தோடு வந்தாள். வைரஸ், புற்றுநோய், ஊசி வலி எல்லாவற்றையும் அரை மணி நேரம் விளக்கினேன்.

"நான் வேணாம்னு சொன்னா?"

"இப்போதைக்கு அம்மா சொல்றதுதான் செல்லும்."

"அப்புறம் எதுக்கு சித்தி எங்கிட்ட இவ்ளோ நேரம் சொல்றீங்க?"

"கை உன்னோடதாச்சே" என்றேன்.