மோதிரக்கண்ணி: ஒரு வன்கொடிப் பெயரின் ஆராய்ச்சி

மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலத்தை இற்றை நாளில் பலரும் பீங்கான் நகரம் என்றே அறிவர். தேவார மூவர் பாடியபொழுது அதன் பெயர் முதுகுன்றம். பழமலை என்ற பெயரும் உண்டு. முதுமை குறித்த 'விருத்தம்' என்னும் வடசொல்லும், மலை குறித்த 'அசலம்' என்னும் வடசொல்லும் கூடி எழுந்த விருத்தாசலம் என்பது அப்பழம்பெயரின் மொழிபெயர்ப்பே ஆகும். ஓங்கிய மலை எதுவும் இன்று ஊரில் இல்லை. குன்று நிலத்துள் மறைந்துள்ளது என்பது தலத்தார் வழக்கு. எனினும் இரு பெயரும் ஒரே பொருளைத் தருகின்றன. ஊர்ப்பெயர்க்கு வாய்த்த இந்நலம், அந்நிலப்பகுதியின் காடுகளில் வளரும் செடிகொடிகளின் பெயர்களுக்கு வாய்க்கவில்லை. மேலைநாட்டு நூல்களுள் புகுந்தபொழுது அவற்றுட் பல தம் பொருளை இழந்தன. நம் பழைய அகராதிகளிலும் 'ஒரு கொடி', 'ஒரு செடி' என்ற அளவே பலவற்றுக்கு விளக்கம் கிடைக்கிறது. அத்தகைய பெயர் ஒன்றனை ஈண்டு ஆராய்வோம்.

விருத்தாசலத்திற்குக் கிழக்கே கடலூர்க் கரைவரையில் செம்மண் மேடுகள் பரந்துள்ளன. நெய்வேலியை ஒட்டிய பகுதியில் மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி உள்ளது. அதனோடு பீங்கானுக்கு உதவும் வெண்களிமண்ணும் கிடைக்கிறது. நிலக்கரி என்பது பண்டைக் காடொன்று புதைந்து மாறிய பொருளாதலின், இந்நிலம் தன் மேலும் கீழும் காட்டைத் தாங்கியது என்று கூறினும் பொருந்தும். மேலிருந்த காடு, ஆண்டு முழுதும் இலையுதிராத குறுமரங்களும் புதர்களும் கொடிகளும் நெருங்கியது. செடியியலார் அதனை உலர் பசுமைமாறாக் காடு என்பர். இன்று அதன் பெரும்பகுதி முந்திரித் தோப்பாகவும் விளைநிலமாகவும் மாறிவிட்டது. எஞ்சியவை பெரும்பாலும் கோயிற்காடுகளே. அவற்றுள் தேவாரத் தலமாகிய திருமாணிக்குழியைச் சார்ந்த காடும், குழந்தைக்குப்பத்துக் காடும் 1990களில் புதுவைப் பல்கலைக்கழகத்தாரால் ஆராயப்பெற்றன.

இத்தகைய காடுகளுக்குரிய வன்கொடிகளுள் ஒன்று மோதிரக்கண்ணி. செடியியலார் இதனை 'ஊகோனியா' என்னும் பேரினத்துள் வைத்து, 'ஊகோனியா மிசுடாக்சு' எனப் பெயரிட்டுள்ளனர். ஆளிவிதை தரும் செடியின் குடும்பமே இதன் குடும்பமும் ஆகும். பேரினத்தில் ஏறத்தாழ 40 சிற்றினங்கள் உள. ஆப்பிரிக்கா, மடகாசுகர், இந்தியா, இலங்கை முதலாக நியூகாலிடோனியா வரையில் அவை பரவியுள்ளன. நம் நாட்டு மோதிரக்கண்ணி, பற்றுக்கோடு இல்லாவிடத்துப் புதராகவும் உள்ளவிடத்துக் கொடியாகவும் வளர்வது. தண்டு முற்றி மரத்தன்மை எய்தும். இலை தனியிலை, ஒன்றுவிட்டு ஒன்றாக அமைவது. பூ பொன்னிறமானது. இதழ் ஐந்து, மகரந்தக் கேசரம் பத்து, சூல்தண்டு ஐந்து. கனி உருண்டு, சதைப்பற்றுடன் இருக்கும்.

இவை பிற செடிகளிலும் காணத்தக்கனவே. இப்பேரினத்தை நோக்கிய அளவில் காட்டிக்கொடுக்கும் உறுப்பு ஒன்று உண்டு. கிளையின் கீழ்ப்பகுதியில் இரண்டு கொக்கிகள் எதிரெதிராகத் தோன்றிக் கடிகாரக் கம்பிச் சுருள்போல உட்புறம் வளைந்து நிற்கும். இவை முள்ளும் அல்ல, இலையும் அல்ல. பூக்காம்புகளே இவ்வாறு திரிந்தன என்பர். இளங்கொக்கி ஒரு சுள்ளியைத் தொட்டுப் பற்றினால், அதன்பின் தடித்து வலுப்பெற்று மரமாக இறுகிவிடும். பற்றியதை விடாது. சாவகத் தீவின் போகோர்த் தோட்டத்தில் பணியாற்றிய ஒல்லாந்த அறிஞர் திரூபு, 1880களில் இத்தகைய கொக்கிக் கொடிகளை ஒரு தனிவகையாக எடுத்து ஆராய்ந்தார். மனோரஞ்சிதமும் கொக்கியால் ஏறுவதே. ஆயின் அதன் கொக்கி பூவைத் தாங்கும் காம்பே ஆகும். மோதிரக்கண்ணியின் கொக்கியோ ஏறுதற்கே உரியது. அது இணையாக நிற்பதும் காண்க.

இனிப் பெயரை நோக்குவோம். 'மோதிரம்' என்பது கொக்கியின் வட்டவடிவைக் குறிப்பது வெளிப்படை. ஐயம் எழுவது 'கண்ணி' என்ற சொல்லில்தான். மக்கள் வழக்கில் 'மோதிரக்கன்னி' என்ற வடிவும் வழங்குகிறது. மோதிரம் அணிந்த கன்னி என்று கொள்வது செவிக்கு இனிதே. ஆயினும் இது பொருள் மறந்த பின் எழுந்த வடிவாகவே தோன்றுகிறது. இனிப் பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி என்பவற்றின் ஈற்றோடு இதனை ஒப்பிடலாமோ எனின், அதுவும் பொருந்தாது. பொன்னாங்கண்ணிக்குப் பொன்னாங்காணி என்ற வடிவமும் உண்மையால் அவ்வீற்றின் வரலாறு வேறு. மேலும் அவை நிலத்தில் படரும் சிறு கீரைகள்.

எஞ்சுவன இரண்டு. கண்ணி என்பது தலையிற் சூடும் பூந்தொடையலைக் குறிக்கும். இரண்டிரண்டு பூக்களை எதிரெதிர் வைத்துத் தொடுப்பது கண்ணி என்றும், அது பற்றியே இரண்டடி கொண்ட செய்யுளுறுப்பும் கண்ணி எனப்பட்டது என்றும் கூறுவர். எதிரெதிராக இணைந்து நிற்கும் இக்கொக்கிகளுக்கு இவ்விளக்கம் வியக்கத்தக்க வகையில் இயைகிறது; எளிதில் ஒதுக்கத்தக்கது அன்று. மற்றொன்று, விலங்கையும் பறவையையும் அகப்படுத்தும் சுருக்கு. 'கண்ணி வைத்தல்' என்ற வழக்கிலும், போர்க்களத்துக் 'கண்ணிவெடி' என்ற புதுச்சொல்லிலும் அப்பொருள் இன்றும் உயிர்வாழ்கிறது.

இவ்விரண்டனுள் சுருக்கு என்னும் பொருளையே நாம் தேர்கிறோம். காட்டில் நடப்பார் ஒரு கொடியை அறிவது பெரும்பாலும் அது தம்மைப் பற்றி இழுக்கும் வகையால்தான். துடரி என்ற பெயர் தொடர்தலை உணர்த்தும். அதனைத் தொடரி என்றும் வழங்குவர். புலிதொடக்கி என்ற பெயரோ புலியையும் சிக்கவைப்பது என்று உயர்வு நவிற்சியாகவே பேசுகிறது. இப்பெயர் வரிசையில் 'மோதிரம்போல் வளைந்த சுருக்கு' என்பது இயல்பாக அமர்கிறது. பற்றியபின் இறுகும் தன்மையும் சுருக்கிற்கே உரியது, பூந்தொடையலுக்கு இல்லை. இம்முடிவைச் சொல்லை மட்டும் வைத்து நாம் எய்தியிருக்க இயலாது. கொக்கியைக் கண்ட கண்ணே வழிகாட்டிற்று.

தொல்காப்பியர் மரபியலில் புறத்தே காழ் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே காழ் உடையவற்றை மரம் என்றும் பகுத்தார். கொடியை அங்கே தனிவகையாக வைத்திலர். மோதிரக்கண்ணி தண்டின் அகத்தே மரத்தன்மை பெறுவதாகலின், அவ்விலக்கணப்படி மரத்துள் அடங்கும். ஏறும் இயல்பு ஒன்றுபற்றி இதனைக் கொடி என்பது வழக்கு. காழ் பற்றிய பகுப்பு உள்ளமைப்பையும், கொடி என்ற வழக்கு வாழும் முறையையும் நோக்கி எழுந்தன. இவ்வேறுபாட்டை உணராதார், சங்க நூல்களில் கொடி என்றும் மரம் என்றும் உரைகாரர் மாறுபடக் கூறும் இடங்களில் ஒருவரைப் பிழைபட்டவர் என முடிபு செய்துவிடுதல் கூடும்.

இப்பெயர் கடல் கடந்த வரலாறும் உண்டு. கொச்சியில் ஒல்லாந்தர் ஆட்சித் தலைவராக இருந்த வான் ரீடு என்பார், மலையாள நாட்டுச் செடிகொடிகளைப் பற்றித் தொகுப்பித்த பெருநூல் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்சுடர்டாமில் வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் மருத்துவர் அதற்குத் துணைநின்றவருள் தலைமையானவர். அதன் இரண்டாம் தொகுதியில் நம் கொடி 'மோதிரக்கண்ணி' என்ற பெயரோடு படத்துடன் இடம்பெற்றது. உரோம எழுத்தில் ணகர னகர வேறுபாடு இன்மையால், அந்நூலின் இலத்தீன் எழுத்துக்கூட்டலை மட்டும் கொண்டு கண்ணியோ கன்னியோ எனத் துணிய இயலாது.

இலின்னேயசு 1753-இல் தம் நூலில் இக்கொடிக்கு இருசொற் பெயர் வகுத்தபொழுது வான் ரீடின் படத்தையும் எடுத்துக்காட்டினார். பேரினப் பெயரை ஊகோ என்னும் செருமானிய மருத்துவர் நினைவாக அமைத்தார். சிற்றினப் பெயராகிய 'மிசுடாக்சு' என்பது மீசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். இருபுறமும் சுருண்டு நிற்கும் கொக்கியிணை அவருக்கு முறுக்கிய மீசையாகத் தோன்றியது போலும். அவர் கண்டதும் அவ்வுறுப்பையே. ஆயின் கண்டது வடிவை மட்டும். பற்றும் தொழில் அப்பெயரில் இடம்பெறவில்லை. தமிழ்ப்பெயரிலோ முற்சொல் வடிவையும் பிற்சொல் தொழிலையும் சுட்டுகின்றன. ஊகோவின் பெயர் கொடியைப் பற்றி ஒன்றும் உணர்த்தாது என்பதைக் கூறவும் வேண்டுமோ?

இக்கொடியின் வேரை அரைத்து வீக்கத்தின்மேற் பூசும் வழக்கம் நாட்டு மருத்துவத்தில் உண்டு. வேருக்காகத் தேடுவோர் இலையையும் பூவையும் நம்பார். கொக்கியிணையைக் கண்டே துணிவர். இலை இல்லாத காய்ந்த கிளையிலும் கொக்கி உதிராது நிற்கும். துடரி, புலிதொடக்கி முதலிய பெயர்களையும் இவ்வாறே செடியருகே நின்று ஆராய்தல் வேண்டும். அதற்குத் திருமாணிக்குழி போன்ற இடங்களில் எஞ்சியுள்ள காடுகள் இன்னும் இடம் தருகின்றன.