காணும் ஒவ்வொருவரையும் ஹிழ்ர் என எண்ணு

துருக்கிய நாட்டுப்புறக் கதைகளில் அடிக்கடி வரும் காட்சி ஒன்று உண்டு. பிள்ளைப் பேறில்லாத பாதுஷா ஒருவர் மனக்கவலையோடு மாறுவேடத்தில் புறப்படுகிறார். வழியில் ஓர் ஊற்றருகே வெண்தாடி தர்வேஷ் ஒருவர் எதிர்ப்படுகிறார். ஸலாம் பரிமாறியதும் பாதுஷாவின் மனக்குறையைச் சொல்லாமலே அறிந்துகொள்ளும் அவர், ஓர் ஆப்பிளைத் தந்து, கணவனும் மனைவியும் ஆளுக்குப் பாதி உண்ணுமாறு கூறுகிறார். பிறக்கும் குழந்தைக்குத் தாம் வரும்வரை பெயரிடக் கூடாது என்பது அவர் விதிக்கும் நிபந்தனை. மறுகணம் அவரைக் காணவில்லை.

சில கதைகளில் இவர் வெறும் தர்வேஷ். சிலவற்றில் 'ஹிஸிர்' என்றே அழைக்கப்படுகிறார். அவர்தாம் நாம் அறிந்த ஹிழ்ர் (அலை).

திருக்குர்ஆனின் கஹ்ஃப் அத்தியாயம், அல்லாஹ்விடமிருந்து தனிச்சிறப்பான அறிவு வழங்கப்பட்ட ஓர் அடியாரை மூஸா (அலை) சந்தித்த வரலாற்றைக் கூறுகிறது. அங்கே அவர் பெயர் குறிப்பிடப்படவில்லை; புகாரியில் இடம்பெற்ற நபிமொழியே அவரை ஹிழ்ர் என்று அறிவிக்கிறது. வறண்ட நிலத்தில் அவர் அமர்ந்தபோது அது பசுமையானதால் அப்பெயர் வந்தது என்பதும் நபிமொழியே. அவர் இன்றும் வாழ்கிறாரா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. துருக்கிய மக்களின் கற்பனையிலோ அவர் ஓயாமல் பயணம் செய்கிறார். கதையைக் கதையாகவும் மார்க்க ஆதாரத்தை ஆதாரமாகவும் பிரித்தறிவது நம் கடமை. அவ்வாறு பிரித்தறிந்த பின்னும், இக்கதைகளில் கற்பதற்கு நிறைய இருக்கிறது.

'தெதே கோர்குத்' கதைத் தொகுப்பைப் பாருங்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பாதுகாக்கப்படும் அதன் கையெழுத்துப் படியில் 12 கதைகள் உள்ளன. முதற்கதையில், தீயோர் மூட்டிய கோள் மொழியை நம்பிய தந்தை, தன் மகன் போகாச் மீதே அம்பெய்துவிடுகிறார். குருதி வடியக் கிடந்த இளைஞனிடம் சாம்பல் நிறக் குதிரையில் ஹிஸிர் வருகிறார். காயத்தைத் தடவிக்கொடுத்து, "இதனால் உனக்கு மரணம் இல்லை, மலைப்பூவும் தாய்ப்பாலும் இதற்கு மருந்து" என்னும் பொருள்படக் கூறி மறைகிறார். மருந்தைத் தேடித் தருபவர்கள் தாயும் அவளுடன் வந்த பெண்களுமே. உயிர் பிழைத்த மகன், பின்னர் அதே தந்தையை எதிரிகளிடமிருந்து மீட்கிறான்.

இதுவே இக்கதைகளின் வழிகாட்டிக்குரிய இயல்பு. அவர் வழியைச் சொல்வார். நடக்க வேண்டியவன் கதைநாயகனே. வேறு பல கதைகளில், சிங்கத்தின் முன் புல்லும் குதிரையின் முன் இறைச்சியும் கிடக்கும். அவற்றை மாற்றி வைத்துவிட்டுப் போ என்பார் அவர். கைவாள் திறக்காத பாதையைச் சிறு கருணை திறந்துவிடுகிறது.

அந்த அறிவுரை எவருக்குக் கிடைக்கிறது என்பதையும் கவனியுங்கள். அண்ணன்மார் இருவர் வழியில் கண்ட முதியவரை அலட்சியம் செய்து கடந்து செல்வர். இளையவனோ ஸலாம் கூறித் தன் ரொட்டியைப் பகிர்ந்துகொள்வான். வழி அவனுக்கே புலப்படும்.

ஆகவேதான் துருக்கியர், "ஒவ்வோர் இரவையும் கத்ர் இரவாகக் கொள், காணும் ஒவ்வொருவரையும் ஹிழ்ராகக் கொள்" என்று பழமொழி வகுத்தனர். 1980களில் அங்கு தொடங்கப்பட்ட அவசர ஆம்புலன்ஸ் சேவையும் 'ஹிஸிர்' என்றே பெயர் பெற்றது.

உதவி செய்பவன் அல்லாஹ் ஒருவனே. ஆனால் அவனது உதவி எந்த மனிதர் வழியாக வரும் என்பதை நாம் அறியோம். வாசலில் நிற்கும் ஏழை, வீட்டின் மூலையில் அமர்ந்து பழங்கதை பேசும் பாட்டனார், பேருந்தில் இடம் தேடும் முதியவர் ஆகியோரை நாம் எப்படி நடத்துகிறோம்? நம் பிள்ளைகள் இரவில் கேட்கும் கதை, பகலில் அவர்கள் கூறும் ஸலாமில் வெளிப்படட்டும்.