மோரிசன் மாத்திரை வழக்கும் வணிக இரகசியச் சட்டத்தின் தோற்றமும்

1817-இல் லண்டன் சான்செரி நீதிமன்றத்தில் நடந்த நியூபரி – ஜேம்ஸ் வழக்கு டாக்டர் ராபர்ட் ஜேம்ஸின் காய்ச்சல் பொடியைப் பற்றியது. அதில் நீதிபதி எல்டன் பிரபு எழுப்பிய சிக்கல் எளிதில் தீரக்கூடியதன்று. செய்முறை இன்னதென்று தெரியாமல் எதிராளி அதை மீறினாரா என நீதிமன்றம் எப்படித் தீர்மானிக்கும்? தெரிந்துகொள்ளத் திறந்து காட்டினால் இரகசியம் போயிற்று. மேலும், காய்ச்சல் பொடிக்கு 1747-இலேயே காப்புரிமை பெற்று, அதன் காலமும் முடிந்திருந்தது. பதிவு செய்த குறிப்பின்படி செய்தால் அந்தப் பொடி வராது என்றும் பேச்சு இருந்தது. காப்புரிமையையும் அனுபவித்து இரகசியத்தையும் விடாதவர்களுக்கு எல்டன் இரங்காததில் வியப்பில்லை.

மூன்றாண்டுகளில் அதே எல்டன் வேறு வழி கண்டார். 1820-இன் யோவாட் – வின்யார்டு வழக்கில், கால்நடை மருந்து தயாரிப்பவரின் உதவியாளர் முதலாளி அறியாமல் செய்முறைகளைப் படியெடுத்துக்கொண்டு தனியாகத் தொழில் தொடங்கியிருந்தார். தடையாணை கிடைத்தது, காரணம் நம்பிக்கைத் துரோகம்.

இந்த இழையை முழுக் கோட்பாடாக்கியது 1851-இன் மோரிசன் – மோட் வழக்கு. ஜேம்ஸ் மோரிசன் சகல நோய்க்கும் ஒரே மருந்தென்று மாத்திரை விற்றவர். கரியபோளமும் ஆற்றுத்தும்மட்டியும் கலந்த அது, சுருங்கச் சொன்னால், கடும் பேதி மருந்து. பங்குதாரரான தாமஸ் மோட்டுக்கு மட்டும், எவருக்கும் சொல்வதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு, மோரிசன் செய்முறையைத் தெரிவித்தார். மோட் அதைத் தம் மகன் ஹொரேஷியோவுக்குச் சொல்லிவிட்டார். கூட்டு முடிந்ததும் மகன் அதே மாத்திரையைத் தயாரித்து விற்கத் தொடங்க, 1840-இல் இறந்துவிட்ட மோரிசனின் மைந்தர்கள் நீதிமன்றம் போனார்கள்.

காப்புரிமை இல்லாத பொருளுக்கு ஏகபோகம் கேட்கிறார்கள் என்பது எதிர்வாதம். துணைச் சான்சலர் டர்னர் இங்கேதான் கேள்வியையே மாற்றினார். உலகத்தாருக்கு எதிராக வாதிகளுக்கு உள்ள உரிமை இங்கே பொருட்டல்ல. இந்தப் பிரதிவாதிக்கு எதிரான உரிமையே விசாரணைக்குரியது. இதுவரை சொத்து, ஒப்பந்தம், நம்பிக்கை என்று வெவ்வேறு அடிப்படைகள் சொல்லப்பட்டிருப்பதைக் குறிப்பிட்ட அவர், நம்பிப் பெற்றவரின் மனசாட்சியைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்றார். மகனோ விலை கொடுத்து வாங்கியவரல்ல; தந்தையின் வாக்குமீறலால் பெற்றவர். தடையாணை பிறந்தது.

1868-இல் மாசசூசெட்ஸ் நீதிமன்றம் பீபடி – நார்ஃபோக் வழக்கில் இரகசியச் செய்முறையைச் சொத்து என்றே அழைத்தது. ஆனாலும் நேர்வழியில் அதைக் கண்டறிபவரைத் தடுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டது. எல்லாருக்கும் எதிராக நிற்காத ஒன்றைச் சொத்து என்பது பெயரளவில்தான் என்பேன்.

டர்னரின் பார்வை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை லிஸ்டரின் என்ற வாய் கொப்புளிக்கும் மருந்தைப் பற்றிய 1959-இன் வழக்கு காட்டியது. ஜோசப் லாரன்ஸிடமிருந்து 1881-இல் ஜோர்டன் லாம்பர்ட் செய்முறையைப் பெற்று, விற்பனைக்கேற்ப உரிமத்தொகை தர ஒப்புக்கொண்டிருந்தார். காலப்போக்கில் செய்முறை அச்சேறி ஊரறிந்ததாயிற்று. இனி ஏன் கொடுக்க வேண்டும் என்று வார்னர்-லாம்பர்ட் நிறுவனம் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தைக் கேட்டது. இரகசியம் நீடிக்கும் வரை மட்டும் என்று ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. லிஸ்டரினைத் தயாரிக்கும் வரை தொகை செலுத்தியே ஆக வேண்டும் என்று தீர்ப்பானது.