மொரீசியஸ் தீவின் மாதவாரி மழையும் வெப்பநிலையும் - வரலாறு

மொரீசியஸ், மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் ஏறத்தாழ 20 பாகை தென் அட்சரேகையில் அமைந்த எரிமலைத் தீவு. வடக்கு தெற்காக 65 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 45 கிலோமீட்டர். ஒரு மாவட்டத்தின் அளவுகூட இல்லாத இத்தீவில் மழையையும் வெப்பத்தையும் மாதந்தோறும் அளந்து எழுதிவைக்கும் வழக்கம் மிகப் பழமையானது. அந்த அட்டவணைகள் வெறும் எண்களாகத் தோன்றலாம். ஆனால் அவற்றை எழுதத் தூண்டியவை கரும்பு, காய்ச்சல், கப்பல், சூறாவளி ஆகிய நான்கும்.

ஆண்டின் போக்கு

மொரீசியஸில் இரண்டே பருவங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கோடை. சூன் முதல் செப்டம்பர் வரை குளிர்காலம். மேயும் அக்டோபரும் இடைமாதங்கள். தமிழ்நாட்டுக் கணக்கு இங்கே தலைகீழாகும். தை மாதத்தில் நம் ஊரில் பனி பெய்யும். அங்கே அதுதான் உச்சக் கோடை. மொரீசியஸ் தமிழர்கள் தைப்பூசக் காவடி எடுப்பது ஆண்டின் மிகச் சூடான, சூறாவளி வரக்கூடிய நாட்களில்தான்.

கோடையின் சராசரி வெப்பநிலை 24.7 பாகை செல்சியஸ். குளிர்காலச் சராசரி 20.4 பாகை. வேறுபாடு 4.3 பாகை மட்டுமே. சனவரி, பிப்ரவரியில் பகல் உச்சம் சராசரியாக 29.2 பாகை; சூலை, ஆகஸ்டில் இரவுக் குறைந்த அளவு 16.4 பாகை. நிலத்தைச் சுற்றிலும் கடல் இருப்பதே இந்த மிதமான ஏற்ற இறக்கத்துக்குக் காரணம். கடல்நீர் மெல்லச் சூடாகி மெல்லக் குளிர்வது. இத்தீவில் சூரியன் நேர் உச்சியில் நிற்பது நவம்பர் பிற்பகுதியிலும் மீண்டும் சனவரி பிற்பகுதியிலும். அப்படியிருந்தும் பிப்ரவரி வரை வெப்பம் குறைவதில்லை. அதேபோல் சூன் 21 அளவில் சூரியன் மிக விலகிநின்றாலும் குளிர் முற்றுவது ஆகஸ்டை ஒட்டித்தான். மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது: வெயில் மிகுந்த நாளும் வெப்பம் மிகுந்த நாளும் ஒன்றல்ல.

மழையின் கதை வேறு. 1971 முதல் 2000 வரையிலான கணக்கின்படி தீவின் ஆண்டுச் சராசரி மழை 2,010 மில்லிமீட்டர். இதில் 1,344 மில்லிமீட்டர், அதாவது 67 விழுக்காடு, கோடையில் பெய்வது; மீதி 666 மில்லிமீட்டர் குளிர்காலப் பங்கு. பிப்ரவரியும் மார்ச்சும் மழை மிகுந்த மாதங்கள். அக்டோபர் மிக வறண்டது. அக்டோபரைப் பெருமழையின் வாசலாகக் கருதிப் பழகிய தமிழ்நாட்டு வாசகருக்கு இது வியப்பாக இருக்கும்.

மழை எங்கே பெய்கிறது என்பது எப்போது பெய்கிறது என்பதைவிட முக்கியம். தென்கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. கிழக்குக் கரையில் ஏறி, நடுமேட்டு நிலத்தில் மோதி, மேலெழுந்து குளிர்ந்து மழையாகிறது. மேற்கே இறங்கும்போது காற்று வறண்டுவிடுகிறது. இதனால் கிழக்குக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டரும், நடுமேட்டில் 4,000 மில்லிமீட்டர் அளவிலும், மேற்குக் கரையில் 900 மில்லிமீட்டரும் பெய்கிறது. ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் நான்கு மடங்கு வேறுபாடு! தீவு முழுமைக்குமான ஒரே சராசரியை மட்டும் பார்ப்பவர் இதைத் தவறவிட்டுவிடுவார். கோடையில் நிலநடுக்கோட்டை ஒட்டிய மழைமேகப் பட்டை தெற்கே இறங்கித் தீவை நெருங்குகிறது. சூறாவளிகளும் அப்போதுதான் உருவாகின்றன. எனவே குளிர்கால மழை பெரும்பாலும் காற்றும் மலையும் தரும் தூறல். கோடை மழை வானிலைக் கோளாறுகள் தரும் பெருமழை.

காட்டை வெட்டினால் மழை குறையுமா?

இந்தக் கேள்வியை அரசாணையாக மாற்றிய முதல் இடங்களுள் மொரீசியஸும் ஒன்று. அன்று அது பிரெஞ்சு ஆட்சியின் கீழ் பிரான்சுத் தீவு என்று அழைக்கப்பட்டது. 1767இல் நிர்வாகியாக வந்த பியேர் புவாவ்ர், காடழிப்பு மழையைக் குறைத்து நிலத்தை வறளச் செய்யும் என்று உறுதியாக நம்பினார். 1769இல் வந்த ஒழுங்குமுறை, ஒவ்வொரு நில உடைமையிலும் கால்பங்கைக் காடாக விட்டுவைக்க வேண்டும் என்றது; மலைச்சரிவுக் காடுகளுக்குத் தனிக் கவனம் கொடுத்தது. அவர் 1772இல் தீவை விட்டுப் போனார்.

அதே காலத்தில் வளர்ந்த இன்னொருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். கினியிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட தாய்க்கும் பிரெஞ்சுப் பொறியாளருக்கும் 1755இல் அருகிலிருந்த ரியூனியன் தீவில் பிறந்தவர் லிஸ்லே ஜொஃப்ருவா. நிலப்படம் வரைவதில் தேர்ந்த அவர் வானிலைக் குறிப்புகளையும் தொடர்ந்து எழுதிவந்தார். 1786இல் பாரிஸ் அறிவியல் கழகம் அவரைத் தொடர்பு உறுப்பினராக ஏற்றது. அடிமை முறை நடப்பிலிருந்த காலத்தில் இது சிறிய செய்தி அன்று.

1810இல் பிரிட்டன் தீவைக் கைப்பற்றியது. அதன்பின் கரும்பு பரவியது, காடு சுருங்கியது. 1834 முதல் கல்கத்தா, சென்னை, மும்பை ஆகிய துறைமுகங்களிலிருந்து நான்கரை லட்சம் அளவுக்கு ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கினர். புவாவ்ரின் விதிகள் ஏட்டில் இருந்தன. கோடரி தோட்டத்தில் இருந்தது. இன்று நல்ல நிலையில் உள்ள இயற்கைக் காடு தீவின் பரப்பில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. காடழிவால் மழை எவ்வளவு குறைந்தது என்பது இழுபறியான விவாதம். இத்தீவின் மழையை முதன்மையாகத் தீர்மானிப்பவை மலையும் கடற்காற்றுமே. காடு போனால் முதலில் கெடுவது பெய்த மழையைத் தேக்கிவைக்கும் மண்ணின் திறன். புவாவ்ர் காரணத்தை மிகைப்படுத்தியிருக்கலாம். காட்டைக் காக்கச் சொன்னது தவறில்லை.

ஆசிரியர் ஒருவரின் அளவைகள்

சார்லஸ் மெல்ட்ரம் ஸ்காட்லாந்தில் 1821இல் பிறந்தவர். மும்பையில் கல்வித் துறைப் பணிக்கு வந்து, 1848இல் மொரீசியஸ் ராயல் கல்லூரிக்குக் கணித ஆசிரியராக மாறினார். 1851இல் வானிலைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே சென்ற ஏராளமான கப்பல்கள் போர்ட் லூயி துறைமுகத்தைத் தொட்டுச் சென்றன. சூறாவளியில் அடிபட்டுப் பழுதுபார்க்க வந்தவையும் உண்டு. மெல்ட்ரம் அந்தக் கப்பல்களின் நாட்குறிப்புகளைச் சேகரித்து, எந்த நாளில் எந்த இடத்தில் எத்திசைக் காற்று என்று படத்தில் குறித்தார். சூறாவளியில் காற்று வட்டமாகச் சுற்றுகிறது என்பது அன்றைய மாலுமிகளின் பாடம். அது சுருள்வடிவில் உட்புறமாக இழுக்கிறது என்று மெல்ட்ரம் காட்டினார். பழைய விதியை நம்பிப் புயலின் மையத்தைக் கணித்த மாலுமி, தப்பிப்பதாக எண்ணி அதன் வாய்க்கே கப்பலைச் செலுத்திவிடக்கூடும். ஆகவே இந்தத் திருத்தம் உயிர்காக்கும் திருத்தம்.

பாம்பிள்மூஸில் ராயல் ஆல்ஃபிரட் வானாய்வகத்துக்கு 1870இல் எடின்பரோ கோமகன் அடிக்கல் நாட்டினார். 1874இல் அது பணியைத் தொடங்கியது. மெல்ட்ரம் அதன் இயக்குநரானார்.

அவர் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று சொல்ல முடியாது. சூரியப் புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் சூறாவளிகளும் மிகுகின்றன என்று 1872இல் அறிவித்தார். மழைக்கும் அதே கணக்கைப் பொருத்திப் பார்த்தார். இக்கருத்து தீவோடு நிற்கவில்லை. சென்னை மாகாணம் 1876-78 பெரும்பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தபோது, நார்மன் லாக்கியரும் வில்லியம் ஹன்டரும் 1877இல் சூரியப் புள்ளிகளுக்கும் பஞ்சத்துக்கும் முடிச்சுப் போட்டு எழுதினர். பிற்காலத் தரவுகள் அந்த உறவைத் தாங்கவில்லை. சில சுழற்சிகளின் எண்களைக் கொண்டு நூற்றாண்டுகளுக்கான விதியை எழுதும் ஆசை அறிஞர்களையும் விடுவதில்லை.

காய்ச்சலும் மேட்டுநிலமும்

1866 முதல் 1868 வரை மலேரியா தீவைச் சூறையாடியது. அதுவரை அங்கே நிலைகொள்ளாத அந்த நோய் 1867இல் மட்டும் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுசென்றது. கொசுதான் காரணம் என்பது அன்று எவருக்கும் தெரியாது. ஆனால் ஒன்று மக்களின் கண்ணில் பட்டது: வெப்பமான கரையோரத்தில் சாவு மிகுதி, குளிர்ந்த நடுமேட்டில் குறைவு. போர்ட் லூயியிலிருந்து கியூர்ப்பீப் வழியாக 1865இல் தொடங்கிய ரயில் பாதை தயாராக இருந்தது. வசதி உள்ளவர்கள் 550 மீட்டர் உயரத்திலுள்ள கியூர்ப்பீப்புக்குக் குடிபெயர்ந்தார்கள். ஓயாமல் தூறும் ஊர் என்று பெயரெடுத்த இடம் அதனால் நகரமானது. கூலிகளுக்கோ அந்த வாய்ப்பு இல்லை; கரும்பு எங்கே விளைந்ததோ அங்கே அவர்கள் இருந்தாக வேண்டும்.

1881இல் மெல்ட்ரம் வானிலை, உடல்நலம், காடுகள் ஆகிய மூன்றையும் இணைத்து அறிக்கை ஒன்றை எழுதினார். காய்ச்சல் சாவுகளின் ஏற்றத்தாழ்வை வெப்பநிலை, ஈரப்பதம், மழை ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வோடு ஒப்பிடும் முயற்சி அது. இன்று அதன் காரணம் விளங்குகிறது. உயரம் ஏற ஏறக் கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 பாகை வெப்பம் குறையும். அக்கணக்கில் கியூர்ப்பீப் கரையைவிட மூன்றரைப் பாகை குளிர்ச்சி. வெப்பம் குறைந்தால் கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணி வளர்வது மிகவும் தாமதமாகிறது. பெரும்பாலான கொசுக்கள் அதற்குள் இறந்துவிடுகின்றன. கொசுவில் ஒட்டுண்ணி வளர்வதை 1897இல் சிக்கந்தராபாத்தில் கண்டறிந்த ரொனால்டு ராஸ், 1907இல் மொரீசியஸுக்கே வந்து ஆய்வு செய்து 1908இல் அறிக்கை கொடுத்தார். தேங்கிய நீரை வடியவைப்பது அதன் முதன்மையான பரிந்துரைகளுள் ஒன்று. 1973இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்த நாடாக அறிவித்தது. 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் சூறாவளி தாக்கியபின் நோய் மீண்டும் தலைதூக்கி, மறுபடியும் அடக்கப்பட்டது.

அட்டவணைக்குள் அடங்காத நாட்கள்

1892ஆம் ஆண்டு ஏப்ரல் 29. சூறாவளிக் காலம் முடிந்துவிட்டது என்று தீவு நிம்மதியாக இருந்த நேரம். அன்று தாக்கிய சூறாவளியின் கண் பகுதி தீவின் மீதே கடந்தது. காற்று அடங்கியதும் புயல் போய்விட்டது என்று நம்பிப் பலர் வெளியே வந்தார்கள். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து முன்னிலும் வலிமையாகக் காற்று திரும்பியது. போர்ட் லூயியின் பெரும்பகுதி இடிந்தது. ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். சூறாவளிக் கல்வியில் நாற்பது ஆண்டு உழைத்த மெல்ட்ரம் தலைமையேற்ற ஆய்வகம் தீவிலேயே இருந்தும் இது நடந்தது. மாதவாரிக் கணக்கில் ஏப்ரல் இறுதி பாதுகாப்பான காலம். கணக்கு கடந்ததைச் சொல்கிறது, வரப்போவதைத் தடுப்பதில்லை. மெல்ட்ரம் 1896இல் ஓய்வுபெற்றார்.

அவருக்குப் பின் அங்கே பணியாற்றிய ஆல்பர்ட் வால்டர், மழைக் கணக்கைக் கரும்பு விளைச்சலோடு பொருத்தி 1910இல் நூல் வெளியிட்டார். கரும்புக்கு இத்தீவின் நாள்காட்டி அளவெடுத்துத் தைத்தது போன்றது. கோடையின் சூடும் மழையும் தண்டை நீட்டுகின்றன; குளிர்காலத்தின் வறட்சியும் குளுமையும் வளர்ச்சியை நிறுத்தித் தண்டில் சர்க்கரையை ஏற்றுகின்றன. சூன் முதல் வெட்டு தொடங்கும். மறுதாம்பு அடுத்த கோடையில் எழும். சனவரி, பிப்ரவரியில் மழை பொய்த்தால் ஆண்டே பொய்த்தது. 1999 வறட்சியில் சர்க்கரை உற்பத்தி பெரிதும் விழுந்தது, நீர்த்தேக்கங்களும் வற்றின.

பெருமழையின் எல்லையை அறிய 200 கிலோமீட்டர் அளவில் தள்ளியுள்ள ரியூனியனைப் பார்க்க வேண்டும். அதன் மலைகள் 3,000 மீட்டரைத் தாண்டுவதால் சூறாவளி அங்கே ஏறிப் பொழிகிறது. 1966 சனவரியில் ஃபோக்ஃபோக் என்னுமிடத்தில் 24 மணி நேரத்தில் பெய்தது 1,825 மில்லிமீட்டர். இது உலகச் சாதனை. 2007 பிப்ரவரியில் கொம்மர்சோன் எரிமலைவாயில் நான்கு நாட்களில் 4,936 மில்லிமீட்டர் பதிவானது. மொரீசியஸின் இரண்டாண்டுச் சராசரி மழையைவிட இது அதிகம்.

மொரீசியஸில் இதுவரை அப்படிப் பெய்ததில்லை. பெய்ததே போதுமானதாக இருந்தது. 1960 பிப்ரவரி இறுதியில் கரோல் சூறாவளி 42 பேரைப் பலிகொண்டது. ஓலை, மர, தகர வீடுகள் பறந்தபின்தான் கான்கிரீட் வீடுகள் தீவெங்கும் பரவின. 2013 மார்ச் 30 அன்று சூறாவளி எதுவும் இல்லாமலே போர்ட் லூயியில் இரண்டு மணி நேரத்துக்குள் 152 மில்லிமீட்டர் கொட்டியது. சுரங்கப்பாதைகளிலும் கால்வாய்களிலும் வெள்ளம் புகுந்து 11 பேர் இறந்தனர். அதற்கு ஐந்து ஆண்டு முன்பு, 2008 மார்ச்சிலும் திடீர் வெள்ளம் உயிர்களைக் கொண்டுசென்றிருந்தது. இரண்டும் மார்ச் மாதங்கள் என்பதைக் கவனிக்க.

இப்போது வாக்குவாவிலிருந்து செயல்படும் வானிலைத் துறை, சூறாவளிக்கு ஒன்று முதல் நான்கு வரை எச்சரிக்கைப் படிநிலைகளைக் கூண்டேற்றம் போல அறிவிக்கிறது. கனமழைக்குத் தனி அளவுகோல் உண்டு: 12 மணி நேரத்துக்குள் 100 மில்லிமீட்டர் பெய்து, மேலும் தொடரும் நிலை இருந்தால் அது பெருமழை. அந்த அறிவிப்பு வந்தால் தீவின் பள்ளிகள் மூடப்படும்.