பெட்டிக்குள் இருந்த பாவை

1956ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்துக்குச் சென்ற அமெரிக்க மாது ரூத் ஹாண்ட்லர், அங்கே 'லில்லி' என்னும் ஜேர்மானியப் பாவையைக் கண்டார். குழந்தையுருவன்று, வளர்ந்த மங்கையின் உருவம். அதனைத் தழுவி அவர் ஆக்குவித்த 'பார்பி', மகள் பார்பராவின் பெயர் தாங்கி, 1959 மார்ச் 9ஆந் திகதி நியூயோர்க் விளையாட்டுப்பொருட் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. விலை 3 டொலர். ஆடைகளைத் தனியே வாங்கவேண்டும். வணிகத்தின் சூட்சுமம் அங்கேதான்!

1988இல் நத்தாருக்கென்றே செந்நிற நெட்டாடை புனைந்த பார்பி வெளிவந்தது. பின்னர் ஆண்டுக்கொரு புதுக்கோலம். நத்தார்தோறும் அதனையே மகளுக்குப் பரிசளிப்பது அமெரிக்க இல்லங்கள் பலவற்றில் வழக்கமாயிற்று. ஆனால், திறவாத பெட்டிக்கே பிற்காலத்தில் விலையேறுமெனப் பலரும் நம்பினர். ஆகவே, விளையாடவேண்டிய பாவை அலுமாரியின் உச்சிக்கு ஏறிற்று. எண்ணிறந்தோர் அவ்வாறே பத்திரப்படுத்தியமையால், தொண்ணூறுகளின் பாவைகள் பல இன்று வாங்கிய விலைக்கும் போவதில்லை. அவற்றின் கூந்தலை எந்தச் சிறுமியும் ஒருமுறையேனும் வாரிவிட்டதுமில்லை.