வலை வழங்கியின் தாங்குதிறன்

ஒரு வலை வழங்கி (சர்வர்) எத்தனை பேருக்கு ஒருங்கே பணிசெய்ய வல்லது என்னும் வினா பொறியியலார்க்கு மட்டும் உரியதன்று. செய்தியும் நூலும் வலைவழியே மக்களை எய்தும் இக்காலத்தில் அஃது அனைவர்க்கும் உரியதாகும். பொறியின் ஆற்றலே இத்திறனை வரையறுக்கும் என்பர் பலர். அக்கருத்து முழுதும் பொருந்துமா என்பதை வரலாற்றுவழி நின்று ஈண்டு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சியின் வேர் தொலைபேசியில் உள்ளது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த ஏ. கே. எர்லாங் என்னும் டென்மார்க்குக் கணித அறிஞர், அழைப்புகளின் வருகையை நிகழ்தகவுக் கணக்கால் ஆராய்ந்து 1909இல் கட்டுரை வெளியிட்டார். இத்தனை தடங்கள் இருப்பின் அழைப்புகளில் எத்துணைப் பங்கு இடம்பெறாது திரும்பும் எனக் கணிக்கும் வாய்பாட்டை 1917இல் தந்தார். பின்னர் 1961இல் ஜான் லிட்டில் மற்றோர் உண்மையை நிறுவினார். ஓர் அமைப்பினுள் ஒருங்கே இருப்போரின் சராசரித் தொகை, வருகை வீதத்தையும் ஒருவர் தங்கும் சராசரி நேரத்தையும் பெருக்கி வருவதாகும். நொடிக்கு 100 வேண்டுகோள் வந்து, ஒவ்வொன்றும் 2 நொடி தங்குமாயின், சராசரியாக 200 உள்ளே நிற்கும். தங்கும் நேரம் 10 நொடியாக நீளின் அத்தொகை 1,000 ஆகும். வருவோர் வீதமோ மிகவில்லை.

சிறுபொழுதுப் பெருக்கு வேறு, நீடித்த பெருக்கு வேறு. நொடிக்கு 100 வேண்டுகோளை முடிக்கவல்ல வழங்கிக்கு 120 வருமாயின், ஒரு நிமிடத்தில் 1,200 தேங்கும். 10 நிமிடத்தில் 12,000 தேங்கும். அப்போது வருபவர் இரண்டு நிமிடம் காத்திருத்தல் வேண்டும். வரிசை சிறுபொழுதுப் பெருக்கைத் தாங்கும். ஓயாத பெருக்கை எத்துணை நீண்ட வரிசையும் தாங்காது.

முதல் வலை வழங்கி 1990ஆம் ஆண்டின் இறுதியில், செர்ன் ஆய்வு நிலையத்தில், டிம் பெர்னர்ஸ்-லீயின் நெக்ஸ்ட் கணினியில் இயங்கியது. 1995இல் வெளிவந்த அப்பாச்சி, தொடக்கத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் நிரலின் ஒரு படியை (புரோசஸ்) ஒதுக்கியது. ஒரு படி பழுதுற்றாலும் பிற கெடாமை இம்முறையின் சிறப்பாகும். ஆயினும், பெறுபவரின் தடம் மெதுவானதாயின், இறுதி எழுத்துச் சென்று சேரும்வரை அப்படி வாளா காத்திருக்கும். படி ஒன்றுக்கு 10 மெகாபைட் எனக் கொள்ளின், 2,000 மெகாபைட் நினைவகம் 200 பேரோடு நிறைந்துவிடும். செயலி ஓய்ந்திருக்கும்போதே வழங்கி தளர்வது இதனாலேயே ஆகும்.

ஒரு வழங்கி ஒருங்கே 10,000 பேரைத் தாங்குதல் வேண்டும் என 1999இல் டான் கெகல் எழுதினார். பொறிகள் அதற்கு ஏற்ற வலிமை பெற்றுவிட்டன என்பதும், மென்பொருளின் அமைப்பே தடை என்பதும் அவர் வாதம். எந்த இணைப்பு ஆயத்தமாக உள்ளதோ அதனை மட்டும் அறிவிக்கும் வசதி, 2000இல் ஃபிரீபிஎஸ்டியிலும் 2002இல் லினக்ஸிலும் அமைந்தது. ரஷ்ய நாட்டு இகோர் சிசோயெவ் 2002இல் எழுதத் தொடங்கி 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ், சில படிகளைக் கொண்டே ஆயிரக்கணக்கான இணைப்புகளைப் பேணியது.

இவ்வினாவின் அருமையை 2001 செப்டம்பர் 11 உணர்த்திற்று. அமெரிக்காவில் தாக்குதல் நிகழ்ந்த அன்று செய்தித் தளங்கள் பல பெருக்கைத் தாங்காது தளர்ந்தன. வானொலியையும் தொலைக்காட்சியையும் நாடுமாறு கூகிள் தன் முகப்பிலேயே அறிவித்தது. சிஎன்என் தன் முகப்பைச் சுருக்கி இலகுவாக்கியது. பக்கம் சிறுத்தால் தங்கும் நேரம் குறையும். லிட்டில் கூறிய பெருக்குத்தொகையும் குறையும்.

பொறியின் ஆற்றல் வேண்டா என்பது எம் கருத்தன்று. நொடிக்கு 125 மெகாபைட் செல்லும் ஒரு கிகாபிட் தடத்தில், ஒரு மெகாபைட் பக்கம் நொடிக்கு 125 முறைக்கு மேல் செல்லவியலாது. எனினும், அவ்வெல்லையை எட்டுமுன்பே வழங்கிகள் வீழ்ந்தமைக்குக் காரணம், காத்திருத்தலைக் கையாண்ட முறையே என்பது மேற்கண்ட வரலாற்றால் புலனாகும். மக்கள் மிகுதியாக நாடும் வேளையே அவர்க்குச் செய்தி மிகவும் தேவைப்படும் வேளை. ஆதலின், ஒரு வழங்கியின் தகுதியை அமைதிநாளின் விரைவு கொண்டு அளத்தல் சாலாது. நெருக்கடிநாளில் நீடித்து நிற்கும் திறன் கொண்டே அளத்தல் தகும்.