பவன் இல்லாமலே அரையிறுதி! 2022-ல் தமிழ் தலைவாஸ் சாதித்தது எப்படி?

பொங்கல் வந்தால் சேத்தியாத்தோப்பு பக்கம் கபடி களைகட்டும். களத்தில் இறங்கியவர்களுக்குத் தெரியும், ஒரே ரைடரை நம்பினால் ஆபத்துன்னு.

2022 புரோ கபடி ஏலத்தில் பவன் ஷெராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு வாங்கியது தமிழ் தலைவாஸ். குஜராத்துடனான முதல் போட்டியிலேயே முழங்காலில் காயம். அதன்பின் சீசன் முழுக்க அவர் ஆடவே இல்லை.

ஒரு வீரர் இல்லைன்னா என்ன?

ரைடர் அவுட்டானால், அணி எதிராளியை அவுட்டாக்கும்வரை வெளியே உட்கார வேண்டியதுதான். அப்போது கைகொடுக்க இரண்டாவது, மூன்றாவது ரைடர் வேண்டும்.

எப்படி மீண்டது?

நடுவில் பயிற்சியாளர் உதயகுமார் விலக, அஷன் குமார் வந்தார். அறிமுக வீரர் நரேந்தர் 243 ரைடு புள்ளிகள் குவித்தார். கேப்டன் சாகரும் காயமடைய, அஜிங்க்யா பவார் பொறுப்பேற்றார். யு.பி. யோதாஸை டை-பிரேக்கரில் வென்று, முதல்முறையாக அரையிறுதிக்குள் நுழைந்தது அணி. அங்கே புனேரி பல்தானிடம் 39-37 எனத் தோற்றது.

2025-ல் பவன் திரும்ப வந்தார். சீசன் பாதியிலேயே அணி அவரை விடுவித்தது. ஆக, அடுத்த சீசனில் தலைவாஸ் தேறுமா என்று பார்க்க, நட்சத்திரத்தின் பெயரை விட மாற்று வீரர்களின் பட்டியலைப் பாருங்க.